தொழிற்சாலைச் சராசரிச் சம்பளத்தைக் கணக்கு வைப்பது எப்படி? திருவொற்றியூர் டைம் ஆபீஸ்காரரின் முழு வழிகாட்டி

மாதம் 7-ம் தேதி தாண்டியதும் எங்கள் தெருமுனைப் பரோட்டாக் கடையில் கல்லுச் சத்தம் கூடிவிடும். ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் 7-ம் தேதிக்குள், அதற்கு மேற்பட்ட இடத்தில் 10-ம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும் என்று 2025 வரை இருந்த 1936-ம் ஆண்டுச் சட்டம் பழக்கிவைத்த தேதிகள் அவை. கடைக்காரருக்குச் சட்டம் தெரியாது, தேதி அத்துப்படி. "ஓ.டி., அதான் ஓவர்டைம், நின்னுபோச்சுன்னா பேப்பர்ல வர்றதுக்கு முன்னாடி எனக்குத் தெரியும் சார். டபுள் ஆம்லெட்டு சிங்கிள் ஆயிடும்" என்பார்.

வட சென்னையில் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் இருபது வருடத்துக்கு மேல் மஸ்டர் ரோல், அதாவது வருகைப் பதிவேடு எழுதியவன் நான். அவர் சொல்வது சரிதான். தொழிற்சாலைத் தொழிலாளர்களின் சராசரிச் சம்பளம் ஒரு நாட்டின் பொருளாதாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் அளவுகோல்களில் ஒன்று. உலகம் முழுக்க அரசாங்கங்களும் வங்கிகளும் அதைப் பார்க்கின்றன. ஆனால் அதைத் தப்பாகப் படிப்பது மிகச் சுலபம். சராசரி என்பது ஒரு வகுத்தல் கணக்கு. எல்லோரும் மேலே இருக்கும் தொகையையே பார்ப்பார்கள். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் கீழே, வகுக்கும் எண்ணில்தான் உட்கார்ந்திருக்கும்.

ஒரு நோட்டு, ஒரு கால்குலேட்டர் இருந்தால் போதும். படிப்படியாகப் போவோம்.

படி 1: எந்தச் சம்பளம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு பே ஸ்லிப்பை எடுத்து மேசையில் விரியுங்கள். இடது பக்கம் பேசிக் (அடிப்படைச் சம்பளம்), டி.ஏ. (அகவிலைப்படி), வீட்டு வாடகைப்படி, இன்சென்டிவ், ஷிப்ட் அலவன்ஸ், ஓ.டி. வலது பக்கம் பிடித்தங்கள்: பி.எஃப்., இ.எஸ்.ஐ., சொசைட்டி லோன், கேன்டீன், சங்கச் சந்தா. அடியில் கைக்கு வருவது.

"எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டால் நம் ஆட்கள் சொல்வது அந்த அடி எண்ணைத்தான். நமக்கு அது வேண்டாம். சொசைட்டியில் கல்யாணக் கடன் வாங்கியவருக்குக் கைக்கு வருவது குறையும். நாட்டுப் பொருளாதாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தமிழ்நாட்டில் தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிடிக்கிறார்கள், அந்த மாதமும் குறையும். இ.எஸ்.ஐ.யில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், உச்சவரம்பு மாதம் ரூ.21,000. சம்பளம் அதைத் தாண்டியவருக்கு அந்தப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் பிடித்தம் நிற்கும். கைக்கு வருவது கொஞ்சம் ஏறும், சம்பளம் ஏறியிருக்காது.

ஆகவே இடது பக்கக் கூட்டுத்தொகையை, அதாவது கிராஸை எடுங்கள். பொருளாதாரக்காரர்கள் ஈட்டம் என்று சொல்வது அதைத்தான். அதன் பக்கத்திலேயே இன்னொரு கட்டத்தில் பேசிக்கையும் டி.ஏ.வையும் மட்டும் கூட்டி எழுதுங்கள். இது சம்பள விகிதம், அதாவது ஒப்பந்தம் போட்ட விலை. ஈட்டம் மாதா மாதம் ஆடும், விகிதம் அசையாமல் நிற்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் பின்னால் நமக்குச் செய்தி சொல்லப்போகிறது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் சம்பளம் என்றே கணக்கில் சேரும் என்பது அதில் ஒரு விதி. இதனால் பே ஸ்லிப்பின் கட்டங்கள் இடம் மாறலாம். கிராஸ் அப்படியே இருக்க, பேசிக் மட்டும் திடீரென்று பெருத்தால் முதலாளிக்கு மனசு இளகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். அந்த மாதத்துக்கு நேரே ஒரு கோடு போட்டு, சம்பளத்தின் வரையறை மாறிய மாதம் என்று குறித்து வையுங்கள்.

படி 2: யார் கணக்கில் வருவார்கள்?

வட சென்னையில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் உற்பத்தித் தொழிலாளர்கள் இல்லை. அனல்மின் நிலையத்தில் வேலை செய்பவர் நீலச் சட்டைதான் போட்டிருக்கிறார், ஆனால் தேசியத் தொழில் வகைப்பாட்டில் மின்சாரம் தனிப் பிரிவு. துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஓட்டுபவர் போக்குவரத்தில் வருவார். உற்பத்தி என்பது 2008 வகைப்பாட்டின் 'சி' பிரிவு, 10 முதல் 33 வரையான எண்கள். மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும், எண்ணூரின் லாரித் தொழிற்சாலையும், திருவொற்றியூரின் டயரும் இதற்குள் வரும்.

பெரம்பூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ரயில்வே பணிமனையில் லேத் பிடிப்பவர் செய்வது உற்பத்தி மாதிரிதான். ஆனாலும் துறைவாரி ரயில்வே பணிமனைகளைத் தொழிற்சாலைகளின் ஆண்டு ஆய்வு சேர்ப்பதில்லை. அவர்களுக்குச் சம்பளக் கமிஷன் உண்டு, சந்தை ஏறி இறங்குவது அந்தச் சம்பளத்தில் தெரியாது. எப்படிப் பார்த்தாலும் தனியாக வைப்பதே நல்லது.

அடுத்தது கேட்டுக்குள் இருப்பவர்கள். நேரடித் தொழிலாளி, கான்ட்ராக்ட் தொழிலாளி இருவரும் தொழிலாளிகளே. பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் விளக்கப்படி இயந்திரத்தையும் உற்பத்தி நடக்கும் இடத்தையும் சுத்தம் செய்பவரும் தொழிலாளிதான். சூப்பர்வைசரும் மேனேஜரும் வேறு வரிசை. அவர்களைச் சேர்த்தால் சராசரி ஊதிவிடும். அப்ரண்டிஸ் வாங்குவது உதவித்தொகை, அதையும் விட்டுவிடுங்கள். ஆனால் ட்ரெய்னி என்று பெயர் வைத்து மூன்று ஷிப்டிலும் மெஷினில் நிறுத்தியிருந்தால் நான் சேர்ப்பேன். பெயர்ப்பலகையை விட மெஷின் பெரிய சாட்சி.

படி 3: அரசாங்கம் தரும் எண்களை எங்கிருந்து எடுப்பது?

முதல் இடம் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்தும் தொழிற்சாலைகளின் ஆண்டு ஆய்வு. மின்சாரத்தோடு 10 பேர், மின்சாரமில்லாமல் 20 பேர் என்ற எல்லைக்கு மேற்பட்ட, பதிவான தொழிற்சாலைகள் இதில் வரும். தொழிலாளர் எண்ணிக்கை, வேலை செய்த மனித நாட்கள் (ஒரு ஆள் ஒரு நாள் வேலை செய்தால் ஒன்று), தொழிலாளர் சம்பளம், எல்லோருக்குமான மொத்தச் சம்பளம் என்று தனித்தனியாகக் கிடைக்கும். அவசரத்தில் எல்லோருக்குமான மொத்தத்தை எடுத்துத் தொழிலாளர் எண்ணிக்கையால் மட்டும் வகுத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மேனேஜர் சம்பளம் ஹெல்ப்பர் தலையில் ஏறிவிடும். தொழிலாளர் சம்பளத்தை மனித நாட்களால் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் சுத்தமாக வரும். தொழிற்சாலை வேலைவாய்ப்பில் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலிடம். அதனால் மாநில எண்ணே ஒரு நல்ல அளவுகோல். குறை ஒன்று: இந்த ஆய்வு தாமதமாக வரும். 2023-24 ஆண்டின் முடிவுகள் 2025 ஆகஸ்டில்தான் வந்தன. நடந்ததைச் சரிபார்க்க உதவும், நடப்பதைப் பார்க்க உதவாது.

இரண்டாவது, காலமுறைத் தொழிலாளர் படை ஆய்வு. வீடு வீடாகப் போய்க் கேட்பது. மாதச் சம்பளக்காரரிடம் போன மாதம் எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். 2025 ஜனவரியில் இதன் மாதிரி எடுக்கும் முறையே மாற்றப்பட்டது, ஆகவே முந்தைய வருடங்களோடு ஒட்டிக் கோடு இழுக்காதீர்கள். வியாசர்பாடி தொழிற்பேட்டை மாதிரி இடங்களில் ஐந்தாறு பேர் வைத்து நடத்தும் பட்டறைகளுக்கு, கம்பெனியாகப் பதிவாகாத நிறுவனங்களின் ஆண்டு ஆய்வு இருக்கிறது. பி.எஃப். அலுவலகம் வெளியிடும் புதுச் சந்தாதாரர் எண்ணிக்கை தலை எண்ண மட்டும் பயன்படும், சம்பளம் சொல்லாது.

வட சென்னைக்கென்று தனி எண் இந்த எதிலும் இல்லை. மாவட்ட எண் கிடைத்தாலும் 2018-ல் திருவொற்றியூரும் மாதவரமும் அம்பத்தூரும் திருவள்ளூரிலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்ததை மறக்கக் கூடாது. மீஞ்சூர், அத்திப்பட்டு இன்னும் திருவள்ளூரில்தான். அதனால்தான் நோட்டு.

படி 4: உங்கள் சொந்த நோட்டு

பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் போதும். பாதி பெர்மனன்ட், பாதி கான்ட்ராக்ட் என்று பிரியுங்கள். ஒரே கம்பெனி ஆட்களாக எடுக்காதீர்கள், ஒரு கம்பெனியின் தலையெழுத்து ஊரின் தலையெழுத்து ஆகிவிடும். பெயர் எழுத வேண்டாம், நம்பர் கொடுங்கள். யாருடைய ஸ்லிப்பையும் போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் வைக்காதீர்கள். என்னிடம் இன்றும் ஸ்லிப் காட்டுகிறார்கள் என்றால் காரணம் அது ஒன்றுதான்.

கட்டங்கள்: கிராஸ், பேசிக்கும் டி.ஏ.வும், வேலை செய்த நாள், ஓ.டி. மணி, ஓ.டி. தொகை, அரியர் அல்லது போனஸ், குறிப்பு. கடைசிக் கட்டத்தை அகலமாக விடுங்கள். "இரண்டு ஷிப்ட் ஒன்றானது", "கான்ட்ராக்டர் மாறினார்", "கேன்டீனில் டீ நிறுத்தினார்கள்" என்பதெல்லாம் அங்கேதான் வரும். சிரிக்காதீர்கள், டீயை நிறுத்தும் கம்பெனி அடுத்து ஓ.டி.யில் கை வைக்கும்.

படி 5: ஒட்டாத பணத்தைப் பிரித்து வையுங்கள்

நான் நோட்டு ஆரம்பித்த முதல் வருடம் ஒரு கூத்து நடந்தது. ஒரு மாதம் பெர்மனன்ட் ஆட்களின் கிராஸ் தடாலென்று ஏறியது. நானும் தெருவெல்லாம் தொழில் சூடுபிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். எதிர்வீட்டு அண்ணன்தான் ஸ்லிப்பை நீட்டி, "இன்னா தம்பி, அந்த மூணாவது வரியைப் பார்த்தியா?" என்றார். அரியர். பத்து மாதமாக இழுத்த சம்பள ஒப்பந்தம் கையெழுத்தாகி, பழைய பாக்கியை ஒரே மாதத்தில் போட்டிருந்தார்கள். இருபது வருடம் இதே வரியை நானே டைப் அடித்தவன்!

அரியரை அது எந்தெந்த மாதத்துக்கு உரியதோ அங்கே பிரித்துப் போடுங்கள். தீபாவளி போனஸ் சட்டப்படி 8.33 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் வரை. அதைப் பன்னிரண்டால் வகுத்துப் பரப்புங்கள், அல்லது தனிக் கட்டத்தில் விட்டுவிடுங்கள். எந்த முறையானாலும் எல்லா வருடமும் ஒரே முறை. ஒப்பிடும்போது போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட்டால் பொங்கல், தீபாவளி விடுமுறைக் குழப்பம் பாதி குறையும்.

2023 டிசம்பர் மாதிரி மாதங்களும் உண்டு. மிக்ஜாம் புயலில் இங்கே மெஷின் கூடத்துக்குள்ளேயே தண்ணீர் நின்றது. வேலை நாள் போனதால் கான்ட்ராக்ட் ஆட்களின் சம்பளம் விழுந்தது, அது மந்தநிலை அல்ல. 2024 டிசம்பரை அதோடு ஒப்பிட்டால் பெரிய வளர்ச்சி மாதிரி தெரியும். அந்த மாதத்துக்கு மட்டும் இரண்டு வருடம் பின்னால் போய் ஒப்பிடுங்கள்.

படி 6: மணிக்கணக்குக்கு இறங்குங்கள்

அமெரிக்காவில் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் மாதா மாதம் சராசரி மணிச் சம்பளத்தையும் சராசரி வார வேலை நேரத்தையும் சேர்த்தே வெளியிடுகிறது. அவர்கள் நேரத்தையும் சேர்த்துச் சொல்வதற்கான காரணத்தை ஒரு கற்பனை ஸ்லிப்பில் பாருங்கள்.

மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி, மொத்தம் 208 மணி. சம்பளம் ரூ.20,800. மணிக்கு ரூ.100. ஓ.டி. 16 மணி பார்த்தார். நாளில் 9 மணியோ வாரத்தில் 48 மணியோ தாண்டினால் இரட்டை விகிதம் என்று பழைய தொழிற்சாலைச் சட்டம் சொன்னது, ஆக மணிக்கு ரூ.200, மொத்தம் ரூ.3,200. கிராஸ் ரூ.24,000.

அடுத்த மாதம் ஓ.டி. இல்லை. கிராஸ் ரூ.20,800, அதாவது 13 சதவீதத்துக்கு மேல் சரிவு. மணிக்கணக்கில் பார்த்தால் 24,000-ஐ 224-ஆல் வகுக்க ரூ.107 வந்தது, இப்போது ரூ.100, சரிவு 7 சதவீதத்துக்குள். விகிதமோ துளியும் மாறவில்லை. ஒரே மனிதர், ஒரே மெஷின், மூன்று பதில்கள். செய்தியில் எந்தப் பதிலைச் சொல்கிறார்கள் என்று கேட்காமல் நம்பாதீர்கள்.

கான்ட்ராக்ட் ஆட்கள் பலருக்கு ஓ.டி. ஒற்றை விகிதத்தில்தான் போகிறது, ஸ்லிப்பில் அது 'இன்சென்டிவ்' என்று வரும். அவர்களிடம் மணியை வாயால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 7: ஆள் மாறினால் சராசரி பொய் சொல்லும்

இந்தப் படிக்காகத்தான் முழு வழிகாட்டியும். நிதானமாகப் படியுங்கள்.

ஒரு தொழிற்சாலையில் 40 பெர்மனன்ட், ஆளுக்கு ரூ.32,000. கான்ட்ராக்ட் 60 பேர், ஆளுக்கு ரூ.16,000. மொத்தம் ரூ.22,40,000, நூறு பேர், சராசரி ரூ.22,400. ஆர்டர் குறைகிறது. 30 கான்ட்ராக்ட் ஆட்களை நாளை முதல் வர வேண்டாம் என்கிறார்கள். மிச்சம் 70 பேர், மொத்தம் ரூ.17,60,000, சராசரி ரூ.25,143. பன்னிரண்டு சதவீத உயர்வு! ஒருவருக்குக்கூட ஒரு ரூபாய் கூடவில்லை. முப்பது வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம்.

இது காகிதத்தில் மட்டும் நடப்பதில்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் கோடிக்கணக்கானோர் வேலையிழந்த அதே மாதம், தனியார் துறையின் சராசரி மணிச் சம்பளம் 4.7 சதவீதம் குதித்தது. குறைந்த சம்பளக்காரர்கள் வெளியே தள்ளப்பட்டதால் உள்ளே இருந்தவர்களின் சராசரி தானாக ஏறியது. இந்தியத் தொழிற்சாலைகளில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் கான்ட்ராக்ட் என்பதால் இந்த ஊசல் இங்கேயும் பலமாக ஆடும். எதிர்ப்பக்கமும் உண்டு. ஆர்டர் குவிந்து புது ஆட்களை அள்ளிப் போடும்போது சராசரி இறங்கும், அது நல்ல சேதி.

தீர்வு இரண்டு. ஒன்று, பெர்மனன்ட் சராசரி, கான்ட்ராக்ட் சராசரி, இரண்டையும் தனித்தனி வரிசையாக வையுங்கள். இரண்டு, மாற்றத்தைக் கணக்குப் போடும்போது இரண்டு காலத்திலும் நோட்டில் இருப்பவர்களை மட்டும் எடுங்கள். போனவர்களின் எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுதுங்கள்.

மூடிய ஆலையும் அப்படித்தான். பெரம்பூர் பின்னி துணி ஆலை 1996-ல் மூடியபோது அங்கே வேலை செய்தவர்களின் சம்பளம் சராசரியில் பூஜ்யமாகப் பதியவில்லை. அவர்கள் கணக்கிலிருந்தே காணாமல் போனார்கள். விம்கோ நகர் மெட்ரோவில் இறங்கும் பிள்ளைகளுக்கு அது ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் என்பதே தெரியாது.

படி 8: விலைவாசியால் வகுங்கள்

தொழிலாளர் பணியகம் தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டை மாதா மாதம் வெளியிடுகிறது. 2016-ஐ 100 என்று வைத்த தொடர், விலை சேகரிக்கும் 88 மையங்கள், சென்னையும் ஒன்று. ஒரு மாதத்து எண் அடுத்த மாதத்தின் கடைசி வேலைநாளில் வரும்.

உதாரணமாகப் போன வருடம் குறியீடு 140, சம்பளம் ரூ.22,400. இந்த வருடம் குறியீடு 147, சம்பளம் ரூ.23,296. சம்பளத்தைக் குறியீட்டால் வகுத்து நூறால் பெருக்குங்கள். அப்போது ரூ.16,000, இப்போது ரூ.15,848. நான்கு சதவீத உயர்வு என்று ஸ்லிப் சொல்கிறது, ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைந்துவிட்டது என்று மளிகைக்கடை சொல்கிறது. முதல் உலகப்போர் முடியும் வேளையில் அரிசி விலை ஏறி, பின்னி ஆலைத் தொழிலாளர்கள் தவித்த காலத்தில்தான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூரில் பிறந்தது. இந்த வகுத்தலை அவர்கள் நோட்டில்லாமலே போட்டிருந்தார்கள்.

பழைய 2001 தொடரோடு இணைக்க அகில இந்திய எண்ணை 2.88-ஆல் பெருக்க வேண்டும். 140 என்றால் 403.2. மையங்களுக்கு இணைப்பு எண் தனித்தனி, சென்னை எண்ணுக்கு அகில இந்திய 2.88-ஐப் போட்டுவிடாதீர்கள்.

தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியின் டி.ஏ. ஏப்ரல் 1-ல் சென்னை விலைக் குறியீட்டின் போன ஆண்டுச் சராசரியை வைத்து மாறும். ஏப்ரலில் கான்ட்ராக்ட் வரிசை ஏறினால் முக்கால்வாசி அதுதான். ஆள் பற்றாக்குறை என்று கட்டுரை எழுதும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்.

படி 9: படிப்பது

முதலில் அசைவது ஓ.டி. மணி. ஆர்டர் குறைந்தால் முதலாளி யாரையும் அனுப்புவதற்கு முன் ஓ.டி.யை வெட்டுவார். பொருளாதாரம் எங்கே போகும் என்று முன்கூட்டிக் காட்டும் அமெரிக்காவின் முன்னோட்டக் குறியீட்டில் உற்பத்தித் துறையின் சராசரி வார வேலை நேரம் ஒரு அங்கமாக இருப்பதற்கும் இதே காரணம்தான். அடுத்து அசைவது கான்ட்ராக்ட் தலை எண்ணிக்கை. கடைசியில்தான் பெர்மனன்ட் சம்பளம். மூன்று வருடத்துக்கோ அதற்கு மேலோ கையெழுத்தான ஒப்பந்தம் அது. இந்த வருடம் அவர்களுக்கு ஏறும் தொகை, கையெழுத்துப் போட்ட வருடத்தின் நிலவரத்தைச் சொல்கிறது. வானத்து நட்சத்திர வெளிச்சம் மாதிரி, கிளம்பி நாளாகியிருக்கும்.

ஆகவே ஓ.டி. இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து இறங்கி, கான்ட்ராக்ட் தலை குறைந்து, அதே நேரம் சராசரி ஏறினால் அதை உயர்வு என்று எழுதாதீர்கள். ஓ.டி. ஏறி, தலை ஏறி, கான்ட்ராக்ட் வரிசையும் ஏப்ரல் அல்லாத மாதத்தில் ஏறினால் ஆள் கிடைக்கவில்லை என்று அர்த்தம், அப்போதுதான் நான் நம்புவேன். ஒரு மாத எண்ணை வைத்து முடிவு கட்ட வேண்டாம். மூன்று மாதச் சராசரி எடுத்து, 28-ம் தேதி வரும் தொழில் உற்பத்திக் குறியீட்டோடு வைத்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை தொழிற்சாலைகளின் ஆண்டு ஆய்வு வந்ததும் தமிழ்நாட்டு எண்ணோடு உங்கள் நோட்டைச் சரிபாருங்கள். அளவு ஒத்துப்போகாது, திசை ஒத்துப்போக வேண்டும்.

என் நோட்டில் இந்த மாதம் பதினான்கு ஸ்லிப் வந்திருக்கிறது. 9-ம் நம்பர் வரவில்லை. விசாரித்தால், ஒரகடம் பக்கம் சேர்ந்துவிட்டானாம், சம்பளம் ரெண்டாயிரம் ஜாஸ்தியாம், ரூம் வாடகை தனியாம். புது ஸ்லிப்பை அனுப்புகிறேன் அண்ணே என்றான். வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டு, அவன் வரிசையில் கோடு போட்டு, குறிப்புக் கட்டத்தில் 'ஒரகடம், கூடுதல் சம்பளம்' என்று எழுதி வைத்தேன்.